வயர்லெஸ் சென்சார் வாங்குவோர் கவனத்திற்கு

கதவு திறந்தால் கைப்பேசிக்குத் தகவல் வரும், சமையலறையில் வாயு கசிந்தால் எச்சரிக்கும், சம்ப் நிரம்பி வழிந்தால் சொல்லிவிடும் என்று நம்பி வீட்டில் வயர்லெஸ் சென்சார்களை வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வாங்குவதில் தவறே இல்லை. வாங்கும் விதத்தில்தான் இத்தனை தவறும் நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த செட்டை அப்படியே சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். கடையில் பில் வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். இணையக் கடையில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்கிறார்கள். விற்பவர் யார், இறக்குமதி செய்தவர் யார் என்று பார்ப்பதில்லை. ஒரு வருடம் கழித்து, கருவி மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்தது தெரியவரும்போது பெட்டி குப்பைக்குப் போயிருக்கும், பில் இருக்காது, விற்றவர் பெயரும் நினைவிருக்காது. “போனால் போகட்டும், எண்ணூறு ரூபாய்தானே” என்று விட்டுவிடுகிறார்கள். போனது எண்ணூறு ரூபாய் மட்டுமல்ல. அந்தக் கருவியை நம்பித் தளர்த்திய எச்சரிக்கையும் சேர்ந்து போயிருக்கிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: சென்சாரை அது எதைக் கண்டுபிடிக்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், பழுதானால் என்ன செய்யும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறி நின்றால் வியர்க்கிறது, உடனே தெரிந்துவிடுகிறது. சென்சார் நின்றால் எதுவுமே நடப்பதில்லை. தகவல் வராத நாளும் கசிவில்லாத நாளும் கைப்பேசித் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். விளம்பரங்கள் சொல்வது சென்சார் வேலை செய்யும் நேரத்தைப் பற்றி மட்டுமே. அது செய்யாத நேரத்தைப் பற்றி வாங்குபவர்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை: எந்த அலைவரிசையில் பேசுகிறது, இணையமும் மின்சாரமும் போனால் பேசுமா, பேட்டரி தீர்ந்தால் யாருக்குத் தெரியும், பழுதானால் இந்தியாவில் யார் பொறுப்பு. இந்த நான்குக்கும் விடை கிடைக்காத கருவியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

முதலில் அலைவரிசை. வானொலி அலைகளைப் பயன்படுத்தும் எந்தக் கருவியும் அரசின் அனுமதிக்கு உட்பட்டதுதான். சில அலைவரிசைகளை மட்டும், குறைந்த சக்தியில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை விலக்கு தந்திருக்கிறது. வைஃபை, புளூடூத், ஜிக்பீ, த்ரெட் ஆகிய நான்கும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றில் ஒன்று. அது பெரும்பாலும் உலகெங்கும் பொது என்பதால் அதில் சிக்கல் குறைவு. சிக்கல் இசட்-வேவ் என்ற வகையில் வருகிறது. அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவுக்கானது 865.2 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் அது 868.4. அமெரிக்காவில் 908.4. இந்தப் பகுதியில் இந்தியாவில் விலக்குப் பெற்றது 865 முதல் 868 வரை மட்டுமே. ஆகவே துபாயிலிருந்து வந்த சென்சார் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்ததோ, இங்கே கைப்பேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசப் பயன்படுத்தும் 890 முதல் 915 வரையிலான அலைவரிசைக்கு நடுவிலேயே உட்காருகிறது. அமெரிக்கச் சென்சாரையும், சென்சார்களின் தகவலைப் பெறும் ஹப் என்ற மையக் கருவியில் இந்திய வகையையும் இணைக்கவும் முடியாது. பெயர் ஒன்று, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. அன்போடு கொண்டுவந்த பொருள்தான். இருந்தாலும் சுவரில் ஒட்டாதீர்கள்.

“வீட்டுக்குள் இருக்கும் சின்னக் கருவி, யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்?” என்று கேட்பார்கள். சோதிக்க யாரும் வராமல் போகலாம், உண்மைதான். ஆனால் உரிமம் தேவைப்படும் வானொலிக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம் என்பது 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்தே வருவது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதைவிட நடைமுறையான இழப்பு ஒன்று உண்டு. அந்தக் கருவி பழுதானால் இந்தியாவில் உங்களுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. இங்கே விற்கப்படும் வானொலிக் கருவிக்கு, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ எனப்படும் கருவி வகை ஒப்புதல் இருக்க வேண்டும். அந்த எண்ணை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் உள்ளவர் எண்ணைத் தருவார். “அதெல்லாம் இருக்கு சார்” என்று மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள். 2025 மே மாதம், அலைவரிசை விவரமும் ஒப்புதல் விவரமும் இல்லாமல் வாக்கிடாக்கிகளைப் பட்டியலிட்ட இணையக் கடைகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதைத் தொடர்ந்து வானொலிக் கருவிகளைப் பட்டியலிடுவது குறித்த வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது. வாக்கிடாக்கிக்குக் காட்டிய கண்டிப்பைச் சென்சாருக்கும் காட்ட என்ன தடை என்று புரியவில்லை. அந்தக் கண்டிப்பு வரும்வரை வாங்குபவர்தான் தனக்குக் காவல்.

இனி, எந்த வகை என்பது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வைஃபை சென்சாரையே எடுக்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ரவுட்டர் இருக்கிறது, ஹப் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை, விலையும் குறைவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வைஃபை மின்சாரத்தை அதிகம் தின்னும். பேட்டரியில் ஓடும் வைஃபை சென்சார் அதனால் பெரும்பாலான நேரம் தொடர்பைத் துண்டித்துவிட்டுத் தூங்கும். கதவு திறந்தால் விழித்து, ரவுட்டரைத் தேடிப் பிடித்து, பிறகு தகவல் அனுப்பும். அது தூங்குகிறதா செத்துவிட்டதா என்று ரவுட்டருக்குத் தெரியாது. ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாச் சென்சாரும் ஒரே நாளில் ஊமையாகும். புதிய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் கலந்து தருவதால், 2.4 மட்டுமே தெரிந்த சென்சாரை முதலில் இணைப்பதே பெரும்பாடாகிவிடும். ஜிக்பீ இந்த வேலைக்கென்றே குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி உருவானது. நாணய வடிவப் பேட்டரி ஒன்றில் ஒரு வருடத்துக்கு மேலும் ஓடக்கூடியது. ஹப்புக்கு அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுப்பதால், குரல் நின்றால் ஹப் கவனிக்க முடியும். என் தீர்ப்பு இதுதான்: பேட்டரியில் ஓடும் கதவு, நீர்க்கசிவு, நடமாட்ட, வெப்பநிலைச் சென்சார்களுக்கு ஹப்புடன் கூடிய ஜிக்பீ, நேரடியாக மின்சாரத்தில் மாட்டும் பிளக் போன்றவற்றுக்கு மட்டும் வைஃபை. த்ரெட் வகையும் ஏறத்தாழ இதே குணம் கொண்டதே. அமேசான், ஆப்பிள், கூகுள், சாம்சங் எல்லாம் சேர்ந்து ஆதரிக்கும் மேட்டர் என்ற பொதுத் தரம் 2022 அக்டோபரில் வந்தது. அதன் முத்திரை உள்ள கருவி ஒரே நிறுவனத்தின் செயலிக்குள் உங்களைப் பூட்டிவைக்காது. கிடைத்தால் அதை எடுக்கலாம்.

ஹப்புக்கான செலவு வீண் என்பவர்களுக்கு ஒரு பதில். இரண்டு சென்சார் மட்டும் வைப்பதானால் வீணாகத் தெரியும். ஐந்தாவது சென்சார் வரும்போது தெரியாது. ஆனால் ஹப்பை வாங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பேட்டரிச் சென்சார்கள் மற்றவற்றின் தகவலைக் கடத்திவிடுவதில்லை. மின்சாரத்தில் மாட்டிய ஜிக்பீ பிளக் போன்றவைதான் இடையில் நின்று கடத்தும். நம் ஊர்க் கட்டடங்களில் காங்கிரீட் தளமும் இரும்புக் கம்பியும் அலைகளைத் தடுக்கும் என்பதால், மாடியிலுள்ள தொட்டிக்கும் கீழே ஹாலில் உள்ள ஹப்புக்கும் இடையில் அப்படி ஒன்றாவது வேண்டும். ஹப்பை ரவுட்டருக்கு மேலேயே வைத்துவிடுவதும் தவறு. இரண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் ஒன்றின் குரலை மற்றொன்று மறைக்கும். ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

மிக மலிவாக, ஒரு சைரனும் நாலைந்து கதவுச் சென்சாரும் சேர்த்து விற்கப்படும் 433 மெகாஹெர்ட்ஸ் அலாரம் செட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றில் பல ஒருவழிப் பேச்சு மட்டுமே தெரிந்தவை. சென்சார் ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்துவிடும். சைரன் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்புபவையாக இருந்தால், அதைப் பதிவு செய்து திருப்பி அனுப்புவதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. திருட்டுப் பாதுகாப்புக்கு இவற்றை நம்பாதீர்கள்.

அடுத்த கேள்வி, இணையமும் மின்சாரமும் போனால் என்ன ஆகும் என்பது. பல சென்சார்களின் தகவல், உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து உங்கள் கைப்பேசிக்கு வர, வேறு நாட்டிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. அந்த நிறுவனம் சர்வரை மூடினால் நல்ல நிலையில் உள்ள கருவியும் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். இது கற்பனை அல்ல. ரிவால்வ் என்ற ஹப் 2016 மே மாதம் இப்படி நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் லோஸ் நிறுவனம் தன் ஐரிஸ் சேவையை 2019 மார்ச் இறுதியில் மூடியது. விங்க் நிறுவனம் 2020இல் அதுவரை இலவசமாக இருந்த சேவைக்கு மாதக் கட்டணம் அறிவித்தது. இன்ஸ்டியானின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. பெரிய பெயர், நல்ல பெயர் என்பதெல்லாம் இதில் காப்பாற்றாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எத்தனை காலம் பாதுகாப்பு மேம்படுத்தல் தருவோம் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும், எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல் வைத்து விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் இதே போன்ற நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. பின்பற்றுவது நிறுவனத்தின் விருப்பம். விருப்பத்துக்கு விட்டால் யார் பின்பற்றுவார்கள் என்பதை அதிகாரிகள்தான் விளக்க வேண்டும். ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டியது: ரவுட்டரிலிருந்து இணையக் கேபிளைப் பிடுங்கினாலும் சென்சார் சொல்லி சைரன் ஒலிக்குமா? ஒலிக்கும் என்றால், வாங்கிய அன்றே பிடுங்கிச் சோதியுங்கள். ஒலிக்கவில்லை என்றால் அன்றே திருப்பிக் கொடுங்கள். திருப்பும் காலக்கெடு முடிந்தபின் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

மின்சாரம் பற்றியும் இதே கதைதான். சென்சாரில் பேட்டரி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள், ஹப்பும் ரவுட்டரும் ஃபைபர் இணைப்புப் பெட்டியும் மின்சாரத்தில் ஓடுவதை மறந்துவிடுகிறார்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும்தான் போகிறது. போகும் வீடுகளிலும், மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழச் சில நிமிடம் ஆகலாம். ரவுட்டருக்கென விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றை இந்த மூன்றுக்கும் வைத்துவிடுங்கள். கைப்பேசியையும் முழுதாக நம்ப வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் உண்டு. இரவில் சைலன்டில் கிடக்கும் கைப்பேசிக்கு வந்த எச்சரிக்கை காலையில்தான் படிக்கப்படும். வீட்டுக்குள்ளேயே சத்தம் போடும் சைரன் இல்லாத எந்த ஏற்பாடும் அரைகுறை ஏற்பாடு.

பொருத்தும் இடத்தில் நடக்கும் பிழைகளில் உயிருக்கு ஆபத்தானது வாயுச் சென்சார்தான். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். சென்சாரைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அதற்கான சென்சாரைக் கூரைக்கு அருகில் வைக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய் இணைப்புக்கு மாறியவர்கள் பழைய சென்சாரைப் பழைய இடத்திலேயே விட்டுவைக்காதீர்கள். இன்னொன்று, இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்: வாயு கசிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடும்படி அமைக்காதீர்கள். செயலியில் அப்படி அமைப்பது எளிது, புத்திசாலித்தனமாகவும் தோன்றும். ஆனால் எல்பிஜி காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருக்கும் ரிலே இணையும்போது எழும் ஒரு பொறி அதற்குப் போதும். கசிவு தெரிந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து 1906 என்ற 24 மணிநேர அவசர எண்ணை அழைக்க வேண்டும். மனிதருக்குச் சொல்லும் இந்த விதி தானியங்கிக்கும் பொருந்தும். மறுபடியும் சொல்கிறேன், வாயுச் சென்சாரோடு எந்த ஃபேனையும் எந்த சுவிட்சையும் இணைக்காதீர்கள். வாயுவுக்கும் புகைக்கும், இணையத்தோடு தொடர்பே இல்லாமல் தானே ஊளையிடும் அலாரம்தான் முதலில் வேண்டியது. கைப்பேசித் தகவல் அதற்கு மேல் ஒரு வசதி. பெட்டியில் வாயுவுக்கு ஈஎன் 50194, புகைக்கு ஈஎன் 14604, கேஸ் கீசரில் உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு ஈஎன் 50291 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். இவற்றுக்கு ஆயுள் உண்டு. மாற்ற வேண்டிய ஆண்டு கருவியின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தாண்டிய கருவி பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பத்தக்கதல்ல.

மற்றவை சிறியவை. இரும்புக் கதவிலும் கிரில் கேட்டிலும் நேரடியாக ஒட்டிய கதவுச் சென்சாரில், இரும்பு காந்தத்தின் இழுப்பைத் திசைதிருப்பிவிடும். நடுவில் மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ வைத்து ஒட்டுங்கள். நடமாட்டச் சென்சார் உடல் வெப்பத்துக்கும் பின்னணிச் சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியிலும் தகரக் கூரையின் கீழும் சுவரே உடல் சூட்டை எட்டிவிடும்போது அது ஆளைத் தவறவிடும். அதை மட்டுமே நம்பி மாடிக் கதவைப் பூட்டாமல் விடாதீர்கள். சிறு குழந்தை உள்ள வீட்டில் சென்சாரின் மூடி ஸ்குரூ போட்டு மூடுவதாக இருக்கட்டும். உள்ளே இருப்பது நாணய வடிவ லித்தியம் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துபோகும் அளவுக்குக் காயம் உண்டாகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து, எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்கு, விழுங்கியது பேட்டரி என்று சொல்லிக்கொண்டே போங்கள்.

இப்போது காகிதங்களுக்கு வருவோம். நம்மவர்கள் கைவிடுவது இங்கேதான். இறக்குமதியான பொருளின் பெட்டியில், பொட்டலப் பொருட்கள் குறித்த 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயரும் இந்திய முகவரியும், தயாரான நாடு, தயாரான மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். சீன எழுத்து மட்டுமே உள்ள பழுப்பு அட்டைப் பெட்டி வந்தால், திறக்கும் முன்பே ஆறு பக்கமும் படம் எடுங்கள். இந்த மீறலைத் தமிழ்நாட்டில் கேட்க வேண்டிய இடம் காவல் நிலையமும் அல்ல, நுகர்வோர் நீதிமன்றமும் அல்ல. எடையளவுச் சட்டத்தை இங்கே அமல்படுத்துவது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில், படங்களையும் பில் நகலையும் இணைத்து ஒரு பக்க மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கருவியோடு வரும் மின் அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் அது யாருக்கு வழங்கப்பட்டது என்று வந்துவிடும். பொருந்தாத அடாப்டரை இரவெல்லாம் சொருகி வைப்பது தீவிபத்துக்கு வழி.

பில் வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்துவிட்டதால் குறைபாடுள்ள பொருளுக்கு அந்த உரிமை அழிந்துவிடாது. பழுது தெரிந்ததும் தொலைபேசியில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், எழுத்தில் கொடுங்கள். இணையக் கடை என்றால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அங்கே குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். “நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விற்றவரைக் கேளுங்கள்” என்று பதில் வந்தால், விற்றவரின் முகவரியை எழுத்தில் கேளுங்கள், அதைத் தருவது அவர்கள் கடமை. தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாவிட்டாலோ, குறைபாட்டால் விளைந்த சேதத்துக்கு விற்றவரே பொறுப்பு என்று அதே சட்டத்தின் 86ஆவது பிரிவு சொல்கிறது.

ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இது தெரியாமல் அங்கே பதிவு எண் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். காத்திருக்காதீர்கள். உத்தரவு போடும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய ஊரிலோ நிறுவனம் இருக்கும் ஊரிலோ போய் நிற்க வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. “எண்ணூறு ரூபாய்க்கு யார் அலைவது” என்ற கேள்விக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. விலையோடு, மன உளைச்சலுக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்கலாம்.

மனுவைக் கோபத்தில் எழுதாதீர்கள், தேதி வாரியாக எழுதுங்கள். என்று, எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள். விற்றவர், இறக்குமதியாளர், இணையக் கடை மூவரின் பெயரும் முழு முகவரியும். பெட்டியில் என்ன வாக்களித்தார்கள், கருவி என்ன செய்யவில்லை. என்று புகார் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது. என்ன பரிகாரம் வேண்டும். அதோடு பிரமாணப் பத்திரம், பில், உத்தரவாத அட்டை, பெட்டியின் படங்கள், விளம்பரப் பக்கத்தின் நகல், குறைதீர் அலுவலருக்கு எழுதிய கடிதம், எல்லாவற்றுக்கும் வரிசை எண்ணிட்ட பட்டியல். செயலியில் சென்சார் ‘கடைசியாகத் தொடர்பில் இருந்த நேரம்’ காட்டும் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் அதுவே வலுவான சாட்சி. கைப்பேசிப் படங்களை அச்செடுத்துத் தரும்போது, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63ஆவது பிரிவின்படியான சான்றையும் சேர்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கேள்வி எழுப்புவது அங்கேதான். குறைபாட்டை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்றால் ஆணையமே பொருளை முத்திரையிட்டு அனுப்பும், ஆய்வகம் 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதற்கான கட்டணத்தை மனுதாரர் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே பழுதான சென்சாரைத் தூக்கி எறியாதீர்கள், நீங்களாகவே திறந்தும் பார்க்காதீர்கள். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காலியான இருக்கைகளை நிரப்பாமல் வைத்துக்கொண்டு இந்தக் கெடுவைக் காப்பாற்ற முடியாது என்பது அரசுக்குத் தெரியாததல்ல.

ஒரே குறைபாடு பலரைப் பாதிக்கிறது, அல்லது அலைவரிசை ஒப்புதல் இல்லாத கருவி வெளிப்படையாக விற்கப்படுகிறது என்றால், உங்கள் சொந்தப் பணத்துக்கான வழக்கோடு நிறுத்த வேண்டாம். சட்டத்தின் 17ஆவது பிரிவு, அப்படிப்பட்ட புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்க வழி செய்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் மனு கொடுக்கிறோம், இதற்கும் கொடுக்கலாம். பிரிவு எண்ணை மனுவின் தலைப்பிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அது எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் சுற்றும்.

பில்லையும் பெட்டியையும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சென்சாரையும் கையால் தூண்டி, சைரன் ஒலிக்கிறதா என்று பாருங்கள். பழுது தெரிந்த தேதியை அன்றே எழுதி வையுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட முடியாதவரின் மனுவை ஆணையம் ஏற்காது.